நாவூறு என்று நினைத்தேன், பம்பில் பழுது

என் கணவர் ஆசைப்பட்டு, வேறொருவர் ஓடிய பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினார். நாங்கள் இருக்கும் ரொக்ஸ்பரோவிலிருந்து துறைமுகத்து வேலைக்கு அதில்தான் போய்வந்தார். கொஞ்ச நாளில் அது ஓடும்போதே நிற்கத் தொடங்கியது. பார்த்தவர்களெல்லாம் "நல்ல வடிவு" என்று சொன்னதால் நாவூறு பட்டுவிட்டதென்று நினைத்து, உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றிப் போட்டேன்.

அதன் பிறகும் ஒருநாள் நெடுஞ்சாலையில் நடுவழியில் நின்றுவிட்டது. பின்னால் வந்த லொறி சட்டென்று ஒதுங்கி விலத்தியதால் உயிர் தப்பினார்.

கராஜ்கார அண்ணை சொன்னார்: "உந்த மொடலுக்குப் பெற்றோல் பம்ப் பிழை. மாத்தித் தாறம், கொண்டு வாங்கோ எண்டு கொம்பனி முந்தியே அறிவிச்சது. பழைய சொந்தக்காரருக்குத்தான் அந்த அறிவித்தல் போயிருக்கும். புதுப் பம்ப் வரக் கோடை முடிஞ்சிடும். அதுமட்டும் இதை ஓடாதேங்கோ."

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அவங்கள் விட்ட பிழைக்கு நான் பஸ்ஸில போறதோ?"

"ஓம், போங்கோ. நீங்கள் உயிரோட வீட்டை வந்தாக் காணும், வேறொண்டும் வேண்டாம்" என்று அழுதுவிட்டேன். அவர் என் தலையைத் தடவினார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இந்த ஊரில் பேசும் பிரெஞ்சும் வராது. ஆனாலும் அந்தப் பம்ப் மாற்றியதிலிருந்து ஒவ்வொரு கோடை தொடக்கத்திலும் கொம்பனிக்குப் போன் எடுத்து, தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் திருத்த வேண்டியது ஏதும் உண்டா என்று கேட்கிறேன். அவர்கள் இலக்கம் கேட்டதும், இவர் குனிந்து வண்டியில் பொறித்த இலக்கத்தை ஒவ்வொன்றாய் வாசிப்பார். நான் திருப்பிச் சொல்வேன்.