டிக்கியில் இருந்த இரண்டு சப்வூஃபர்கள்

என் கணவர் குவைத்திலிருந்து ஒரேயடியாக ஊர் திரும்பியபோது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. பதினேழு வருடம் அங்கே ஒரு பைப் கம்பெனியில் கிரைண்டிங் பிரிவில் இருந்தார். வெல்டிங் போட்ட இடங்களை மிஷினால் தேய்த்துச் சமமாக்குகிற வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள், பெட்டியைப் பிரிப்போம், கோயிலுக்குப் போவோம், அதற்குள் திரும்புகிற நாள் வந்துவிடும். நான் கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எங்களுக்கு ஒரே மகள், திருச்சியில் படிக்கிறாள். அந்தப் பதினேழு வருடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்தாற்போல மூன்று மாதம் ஒரே வீட்டில் இருந்ததில்லை.

வந்த பிறகு அவர் பேசுவது மிகவும் குறைந்துபோனது. நான் பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்லிக்கொண்டு இருப்பேன், அவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏதாவது கேட்டால் "ம்" என்பார். மகள் போன் பண்ணினால் "நல்லாயிருக்கியா? சரி, அம்மாகிட்டப் பேசு" என்று கொடுத்துவிடுவார். மகளுக்கு அது பெரிய குறை. "அப்பாவுக்கு நான் பேசறதே புடிக்கலையாம்மா?" என்று ஒருநாள் கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

நான்காவது மாதம், டாக்ஸி ஓட்டலாம் என்று அறந்தாங்கியில் ஒரு பழைய கார் பார்த்து வாங்கினார். அதை முன்னால் வைத்திருந்தவர் பாட்டுப் பைத்தியம் போல. டிக்கியை அடைத்துக்கொண்டு ஒரு மரப்பெட்டி, அதில் இரண்டு சப்வூஃபர்கள். பாட்டில் தரையை அதிர வைக்கிற அடிச்சத்தத்தை மட்டும் கொடுக்கிற பெரிய ஸ்பீக்கர்கள் அவை. அவற்றை ஓட்டுகிற ஆம்ப்ளிஃபயரை மட்டும் கழற்றிக்கொண்டுதான் காரை விற்றிருக்கிறார். வயர்கள் மொட்டையாகத் தொங்கின.

"ஆளுங்க பெட்டி படுக்கை வைக்க டிக்கி வேணும்ல? இதக் கழட்டிருங்க" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஒரு கார் ஆடியோ கடையில் பழைய ஆம்ப் ஒன்றை வாங்கி வந்து சீட்டுக்குப் பின்னால் பொருத்தினார். மூன்று நாள் அதிலேயே கிடந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. பொண்டாட்டியிடம் பேச நேரமில்லாத மனிதருக்கு இதற்கு எங்கிருந்து பொறுமை வருகிறது என்று நினைத்தேன்.

ஆம்ப் இரண்டு பாட்டுக்குத்தான் தாங்கியது. அதற்குமேல் அடங்கிவிடும். பச்சை விளக்கு போய்ச் சிவப்பு எரியும். தொட்டால் அடுப்பில் கிடந்த தோசைக்கல் மாதிரி சுடும். ஆறவைத்துப் போட்டால் மறுபடி இரண்டு பாட்டு. கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "பெட்டி கரண்ட ரொம்ப இழுக்குதுண்ணே. வேற பெரிய ஆம்ப்தான் பாக்கணும்" என்று சொல்லிப் போய்விட்டார். என் கணவர் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் என் எரிச்சல் குறைந்தது. சனிக்கிழமை காலையில் பள்ளி ஆய்வகத்திலிருந்து மல்டிமீட்டரை எடுத்து வந்தேன்.

ஆம்பின் பின்பக்கம் எழுத்து பாதி தேய்ந்திருந்தது. துடைத்துப் படித்தேன். இரண்டு சேனலையும் சேர்த்து ஒன்றாக ஓட்டினால் நான்கு ஓமுக்குக் குறைந்த சுமையை அது தாங்காது. அவர் அப்படித்தான் சேர்த்திருந்தார். பெட்டியிலிருந்து வரும் இரண்டு வயரில் மீட்டரை வைத்தேன், இரண்டு ஓமுக்கும் குறைவாகக் காட்டியது. ஸ்பீக்கரைத் திருகிக் கழற்றித் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய நான்கு.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் கரும்பலகையில் போடுகிற கணக்கு. நான்கு ஓம் இரண்டைப் பக்க இணைப்பில் போட்டால் இரண்டு ஓம். தொடர் இணைப்பில் போட்டால் எட்டு. ஓம் குறையக் குறைய ஆம்ப் அதிகக் கரண்ட் தள்ளிச் சூடாகும். சொல்லிப் பார்த்தேன். அவர் "என்ன, என்ன" என்று இரண்டு தரம் கேட்டார். ஒரு பழைய நோட்டீஸின் பின்பக்கத்தில் படமாகப் போட்டுக் காட்டினேன். உடனே புரிந்துகொண்டார்.

"அப்ப ஒண்ணோட வாலுல இன்னொன்னக் கோத்துட்டாப் போதும்."

"ஆமாங்க. சத்தம் கொஞ்சம் கொறையும். ஆனா சூடாகாது."

வயரை மாற்றிக் கோத்தார். ஐந்து பாட்டு ஓடியது. ஆம்ப் வெதுவெதுப்பாக இருந்ததே தவிர அடங்கவில்லை. வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இன்னும் ஒரு வேலை மிச்சம். ஆம்பின் பக்கவாட்டில், அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்க, கெயின் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். பாட்டை முக்கால் சத்தத்தில் வைத்துவிட்டு அதை மெல்லத் திருப்ப வேண்டும், கரகரவென்று கிழிய ஆரம்பித்ததும் கொஞ்சம் பின்னால் வந்து நிறுத்த வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். என் கணவர் டிக்கிப் பக்கம் நின்று ஸ்க்ரூடிரைவரால் திருப்பினார். நான் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது. பிறகு அடிச்சத்தத்தின் ஓரத்தில் ஒரு கரகரப்பு ஏறியது. "போதுங்க" என்றேன். அவர் திருப்பிக்கொண்டே இருந்தார். சத்தம் காய்ந்த பனையோலையைக் கிழிப்பதுபோல ஆனது. "போதும்" என்று கத்தினேன். கதவைத் திறந்து ஓடி அவர் கையைப் பிடித்தேன்.

"கிழியுதே, கேக்கலையா?"

அவர் என் வாயைப் பார்த்தார். கண்ணை இல்லை, வாயை.

"எங்க கிழியுது? நல்லாத்தான இருக்கு."

நானே திருகைப் பின்னால் திருப்பிச் சுத்தமான சத்தத்தில் வைத்தேன். "இது எப்படி?" என்றேன். மறுபடி கிழிகிற இடத்துக்குக் கொண்டுபோனேன். "இது?" மூன்று தரம் அப்படிச் செய்தேன். மூன்று தரமும் அவர் சொன்னது ஒரே பதில்: "ரெண்டும் ஒண்ணுதான்."

பாட்டை நிறுத்தினேன். அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவைக்கத் திரும்பினார். அவர் முதுகுக்குப் பின்னால் நான்கடி தள்ளி நின்று, "என்னங்க" என்று மெதுவாகக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. "என்னங்க, டீ போடவா?" அதற்கும் திரும்பவில்லை. அவர் பாட்டுக்குத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நான்கு மாதமும் நான் பேசிய பேச்செல்லாம் எங்கே போயிருக்கும் என்று நினைத்தேன். அத்தோடு வேறொன்றும் நினைவுக்கு வந்தது. ஒருநாள் அடுப்படியில், நான் மூன்று தரம் கேட்டும் அவர் பதில் சொல்லாத கோபத்தில், "நீங்க அங்கேயே இருந்திருக்கலாம்" என்று சொல்லியிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார். அழுத்தக்காரர் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

முன்னால் போய் நின்று, "எத்தன நாளா இப்படி?" என்று கேட்டேன்.

மறைக்கப் பார்த்தார். பிறகு டிக்கியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார்.

"நாலஞ்சு வருசமா. காதுல வைக்க அடைப்பான் குடுத்தாங்க. வேர்வைல நிக்காது. வச்சா போர்மேன் கூப்பிடறது கேக்காது. யாரும் வைக்கிறதில்ல."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நானா வேலைய விட்டு வரல. பின்னாடி கிரேன் வந்துச்சு, எனக்குக் கேக்கல. ஒரு நேபாளிப் பையன் இழுத்துப் போட்டான். அப்பறம் செக்கப் பண்ணி அனுப்பிட்டாங்க." பெட்டியைக் காட்டினார். "மனுசங்க பேசறது உச்சி இல்லாம மொட்டையாக் கேக்குது. இது ஒண்ணுதான் முழுசாக் கேக்குது. அதான்."

அடுத்த வாரம் புதுக்கோட்டையில் காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் அவரை உட்காரவைத்து ஒரு பெண் சோதித்தாள். பிறகு காகிதத்தில் ஒரு கோட்டைக் காட்டினாள். கோட்டின் இடது ஓரம் மேலாக இருந்தது, வலப்பக்கம் போகப்போகச் சரிந்து இறங்கியிருந்தது. அடிச்சத்தம் இருக்கிறது, உச்சத்துச் சத்தம் போய்விட்டது, போனது திரும்பாது என்றாள். பெண்கள் குரலும் பிள்ளைகள் குரலும்தான் முதலில் போகுமாம். "சார், காதுல மெஷின் வச்சா பேச்சு புரியும். ஆனா பழைய மாதிரி இருக்காது" என்று அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். மெஷின் வைக்காமல் வாடகைக்கு ஆள் ஏற்றி வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டரும் சொன்னார்.

திரும்பும்போது அவர் காரை ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வழியில் ஒரு கடையில் டீ குடிக்க நிறுத்தினோம். எதிரே உட்கார்ந்து அவர் பார்க்கும்படியாகச் சொன்னேன். "அன்னைக்கு அடுப்படில ஒண்ணு சொன்னேன். ஒங்களுக்குக் கேட்டுச்சோ என்னமோ."

"அது கேட்டுச்சு" என்றார்.

அவர் தம்ளரை வைத்துவிட்டு, "நானும் அப்படி நெனச்சிருக்கேன்" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. பேசி ஆறுகிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

டாக்ஸி யோசனையை அவரே விட்டுவிட்டார். பக்கத்தில் ஒரு நர்சரியில் கன்றுகளைப் பார்த்துக்கொள்கிறார். வலது காதில் மெஷின் இருக்கிறது. கூட்டத்தில் எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்து இரைகிறது என்று கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். மகளிடம் வீடியோ காலில் வாயைப் பார்த்துப் பேசுகிறார். இருந்தும் பாதியில் "அம்மாகிட்டக் கேளு" என்பது இன்னமும் உண்டு. கெயின் நான் வைத்த இடத்தில்தான் இருக்கிறது. அந்தத் திருகை அவர் தொடுவதில்லை.

போன பொங்கலுக்கு, குவைத்தில் அவரோடு அதே பிரிவில் வேலை செய்தவர் ஒருவர் லீவில் வந்திருந்தார். அறந்தாங்கிக்காரர், இளம் வயது. மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆண்கள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்து சண்டை பிடிப்பதுபோலச் சத்தமாகப் பேசிக்கொண்டார்கள். அந்தப் பெண் என்னோடு அடுப்படியில் நின்றாள்.

"அங்கிட்டு மட்டும் எப்புடிப் பேசறாக பாருங்கக்கா. எங்கிட்ட வாயே தெறக்கறதில்ல. நான் சொல்றத காதுலயே வாங்கறதில்ல" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

நான் அடுப்பை அணைத்தேன். அவளை உட்காரவைத்து, எங்களுக்கு நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். நான் அடுப்படியில் சொன்ன வார்த்தையையும் விடவில்லை. அவள் ரொம்ப நேரம் கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்த் தன் வீட்டுக்காரருக்குப் பின்னால் நின்று, மெதுவாக ஒரு தரம் கூப்பிட்டாள்.