அப்படியே வைத்துக்கொண்டாலும்

ஒரு நில வழக்கில் ஆறு பக்கப் பதிலுரை. அதன் நான்காம் பக்கத்தில் நானே சிவப்பு மையால் இழுத்த கோடு இன்னும் கண்ணில் நிற்கிறது. கள்ளக்குறிச்சியில் என் சீனியர் ஆங்கிலத்தில் வாதம் எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீலே ரசித்துப் படிப்பார். "வாதம் ஒத்தக் கால்ல நிக்கக் கூடாதுய்யா" என்பது அவர் பாடம். நிலம் எங்களுடையது என்று முதலில் எழுதுவார். அடுத்த பத்தியிலேயே, எங்களுடையது இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இத்தனை காலம் உழுது அனுபவித்தவரை வெளியேற்ற முடியாது என்பார். ஆங்கிலத்தில் படிக்க அழகாகத்தான் இருக்கும்.

வெள்ளிமலையிலிருந்து வந்த கட்சிக்காரருக்கு இருந்தது சாமை விளையும் ஒரே ஒரு கொல்லை நிலம். அது தன்னுடையது என்று தியாகதுருகம் பக்கத்து ஆள் ஒருவர் வழக்குப் போட்டிருந்தார். கையெழுத்து வாங்குமுன் பதிலுரையைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். நான்காம் பக்கத்தில் அந்த 'இல்லை என்று வைத்துக்கொண்டாலும்' பத்தி வந்ததும் மனிதர் எழுந்துவிட்டார்.

"இன்னாங்க இது? என் நெலம் இல்லன்னு நீங்களே எழுதிக்கினு வந்துகிறீங்க?"

அவர்கள் ஊர்க்கூட்டத்தில் 'அப்படியே செஞ்சிருந்தாலும்' என்று ஒருவன் வாயைத் திறந்தால் போதுமாம், தப்பை ஒத்துக்கொண்டான் என்று அபராதம் போட்டுவிடுவார்களாம். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மாடு அறுத்துக்கொண்டு ஓடாமலிருக்க இரண்டு கயிறு போடுவதில்லையா என்று கேட்டேன்.

"ரெண்டு இன்னா, நாலு கூடப் போடலாங்க. மாடே என்னுது இல்லன்னு சொல்லிட்டா யாருங்க கட்ட உடுவாங்க?"

மத்தியானம் வரை மன்றாடினேன். கையெழுத்துப் போடவே மாட்டேன் என்றார். "வெட்டித் தொலை. அப்பறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்று சீனியர் கத்தினார். வெட்டினேன்.

வழக்கு தோற்றது. உரிமைக்குப் பத்திரம் போதாது, நெடுங்காலம் உழுது அனுபவித்த உரிமையைப் பிரதிவாதி கோரவே இல்லை என்றது தீர்ப்பு. கோர்ட்டு வாசலில் அவரைப் பிடித்து, அந்த ஒரு பத்தி இருந்திருந்தால் கொல்லை கையில் நின்றிருக்குமே என்று கிட்டத்தட்ட அழுதேன். மேல்முறையீடும் வேண்டாம் என்றுவிட்டார்.

"ஊர்ல கேட்டா புடுங்கிக்கினாங்கன்னு சொல்லுவேங்க. நானே என்னுது இல்லன்னேன்னு சொல்ல வேணாம் பாருங்க." மலைக்குப் போகும் பஸ் கிளம்பிவிடும் என்று அவசரமாக நடந்தார்.

அவர்மேல் வந்த எரிச்சல் இத்தனை வருடமாகியும் அடங்கவில்லை. சீனியர் காலமாகிவிட்டார். அதே மேஜையில் உட்கார்ந்து அதே பத்தியை ஒரு பதிலுரையிலும் விடாமல் எழுதுகிறேன். தமிழில் மட்டும் யாருக்கும் சொல்லிக் காட்டுவதில்லை.