கம்பங்களுக்குப் பின்னால் நின்றவர்

ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்தைத் தனியாக விளையாடக் கூடாது. விளையாடலாம், யாரும் வந்து தடுக்கப்போவதில்லை. ஆனால் கோலை நோக்கி ஒரு முறை உதைத்தால், போன பந்தை எடுத்துவரவும் நீங்களேதான் போக வேண்டும். உதைப்பது ஒரு நொடி, மீதியெல்லாம் நடை. ஆக்லாந்தின் ஹில்ஸ்பரோவில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில், சனிக்கிழமைக் காலைகளில் நான் செய்துவந்தது பெரும்பாலும் நடைதான்.

மெல்பர்னில் என் மகனுக்கு இந்த நடை இருக்கவில்லை. அவன் உதைப்பான். நான் கம்பங்களுக்குப் பின்னால் நின்று பந்தைத் திருப்பி அனுப்புவேன். அவன் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை எங்கள் சனிக்கிழமைகள் அப்படித்தான் போயின. பிறகு எனக்கும் அவனுடைய தாய்க்கும் சரிவரவில்லை. அவர்கள் அங்கேயே இருந்துவிட்டார்கள். எனக்கு நியூசிலாந்தில், ஆக்லாந்தின் ஆல்பனிப் பகுதியில் வேலை கிடைத்து இங்கே வந்துவிட்டேன். மகன் புதுப்பந்து வாங்கியபோது ஒதுக்கிவிட்ட பழைய சிவப்புத் தோல்பந்தை, அவனைக் கேட்காமலே என் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

இது ரக்பி ஊர். நான் உதைப்பதைப் பார்ப்பவர்கள், பாவம், ரக்பி தெரியாத ஆள் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். ரக்பிக் கம்பங்கள் இரண்டுதான். ஃபுட்டிக்கு நாலு வேண்டும். நடுவில் உள்ள இரண்டுக்கும் இடையில் பந்து போனால் ஆறு புள்ளி. கொஞ்சம் விலகி, நடுக் கம்பத்துக்கும் வெளிக் கம்பத்துக்கும் இடையில் போனால் ஒன்று. வெளிக் கம்பங்களுக்காக ஒரு பக்கம் பொஹுட்டுகாவா மரத்தையும் மறுபக்கம் குப்பைத் தொட்டியையும் வைத்துக்கொண்டேன்.

நேராக உதைப்பதன் சூட்சுமம் காலில் இல்லை, கையில் இருக்கிறது. பந்து முட்டை வடிவம். கையிலிருந்து அது கொஞ்சம் சரிந்து விழுந்தாலும் கால் அதைத் தன்பாட்டுக்கு எங்கேயோ அனுப்பிவிடும். காய்ந்த பந்து சொன்னபடி கேட்கும். நனைந்த பந்து வழுக்கும், பிறகு தண்ணீர் குடித்துப் பாரமாகி, கம்பத்துக்கு முன்னாலேயே தொப்பென்று விழும். ஆக்லாந்துக் குளிர்காலத்தில் புல் காய்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு தரம் புத்திசாலித்தனமாக, சுடுநீர்த் தாங்கி இருக்கும் அலுமாரிக்குள் துவாய்களோடு பந்தையும் காய வைத்தேன். தோல் விறைத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அதன் பிறகு என் உதைகள் எல்லாம் குப்பைத் தொட்டிப் பக்கமே சாய்ந்தன. ஆட்டம் வராதவன் பந்தைக் குறை சொல்கிறான் என்று மகன் பக்கத்தில் இருந்திருந்தால் கேலி செய்திருப்பான். சொல்லத்தான் செய்தேன். வேறு யாரைக் குறை சொல்வது, பக்கத்தில் ஆள் இல்லையே.

அப்படிச் சாய்ந்த ஒரு பந்து ஒருநாள் நடைபாதைக்கு உருண்டு போனது. குரங்குக் குல்லாயும் அளவுக்குப் பெரிய ஜாக்கெட்டுமாகப் பூங்காவைச் சுற்றி நடந்துகொண்டிருந்த வயதான ஒருவர் அதைக் காலால் நிறுத்தினார். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கழுத்தில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டு எறிந்தார்.

"தமிழா சார்?"

"ஓம்."

"சிலோனா? என்ன ஆட்டம் சார் இது?"

விளக்கினேன். பாதிதான் கேட்டார். ஆனால் ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது.

"குறி தப்பினாலும் ஒரு மார்க் உண்டா?"

"ஓம் ஐயா. ஒண்டு குடுப்பினம்."

"பரவாயில்லையே, தர்மமான ஆட்டமா இருக்கே" என்றார். நான் கேட்காமலே கம்பங்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அவர் திருச்சிக்காரர். வங்கி வேலையில் ஓய்வு பெற்று, மகள் வீட்டுக்கு விசிட்டர் விசாவில் வந்திருந்தார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். ஒவ்வொரு தடவையும் பந்தைத் துடைத்துத்தான் எறிவார். "ஆறு", "ஒண்ணு", "ஒண்ணுமில்ல தம்பி" என்று உரக்கச் சொல்வார். காய்ந்த பந்து கைக்கு வரத் தொடங்கியதும் என் உதையும் கொஞ்சம் நேரானது. எனக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது. வாரம் முழுவதும் நேரில் என்னைப் பார்த்துத் தமிழில் பேசுகிற ஒரே ஆள் அவர்தான். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததுமே பந்துக்குக் காற்றடித்து வைக்க ஆரம்பித்தேன்.

ஒருநாள் பூங்காவின் மர வாங்கில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது, இந்தக் குளிரில் ஏன் இவ்வளவு நேரத்தோடு வருகிறார் என்று கேட்டேன்.

"சனிக்கிழமைதான் அவங்க தூங்குறாங்க. நான் நடமாடினா பலகைத் தரை சத்தம் போடுது. அதான் வெளிய வந்துர்றது."

"பேரப்பிள்ளையளோட கதைக்கிறேல்லையோ?"

"நல்ல குழந்தைங்கதான். அதுங்க இங்கிலீஷ்ல பேசினா எனக்குப் புரியும். நான் பதில் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள எழுந்து போயிருதுங்க."

எனக்கும் மகனோடு ஃபோனில் அப்படித்தான் ஆகிறது.

இங்கே நடுக்குளிர் மாதமான ஜூலையில் பந்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "தோல் வறண்டு கிடக்கு, குடுங்க" என்று வீட்டுக்குக் கொண்டுபோனார். அடுத்த வாரம் பந்து கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுங்கிக்கொண்டு வந்தது. நன்றாகத் தேங்காய் எண்ணெய் போட்டு ஊறவைத்திருக்கிறார். வெளிக்குளிரில் அந்த எண்ணெய் உறைந்து, தையல்களிலும் கயிற்றிலும் வெள்ளை வெள்ளையாக நின்றது. நான் ஓடிவந்து உதைக்கப் போனேன். கால் காற்றை உதைத்தது. பந்து கையிலிருந்து வழுக்கி என் முதுகுப் பக்கம் போய்விட்டது.

"அதுக்கு எத்தனை தம்பி?"

"அதுக்கு ஒண்டுமில்ல ஐயா."

புல்லில் உட்கார்ந்து சிரித்தேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அப்படிச் சிரித்ததே இல்லை. அவருக்குத்தான் மனம் கேட்கவில்லை. அன்று காலை முழுவதும் துடைத்துத் துடைத்துத் துண்டைப் பாழாக்கிக்கொண்டார். மகள் திட்டப்போகிறாள் என்றும் சொன்னார்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, புறப்படுகிற நேரத்தில் சொன்னார்.

"திங்கக்கிழமை ஃபிளைட் தம்பி. விசா முடியுது. முன்னாடியே சொல்லியிருக்கணும். வாய் வரல."

பந்தை அவரிடம் நீட்டினேன்.

"நீங்கள் ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ ஐயா."

நான் கம்பங்களுக்குப் பின்னால் போய் நின்றேன். மெல்பர்னை விட்ட பிறகு அந்த இடத்தில் நான் நின்றதில்லை. அவர் ஜாக்கெட்டைக் கழற்றி வைத்து, நான் செய்வதுபோலவே பந்தைப் பிடித்து, கிட்ட வந்து உதைத்தார். அது துள்ளித் துள்ளிப் பொஹுட்டுகாவாவுக்கு இந்தப் பக்கமாக உருண்டு போனது.

"ஒண்டு" என்று கத்தினேன்.

அவர் குல்லாயைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். பந்தை என் சட்டையில் துடைத்துத் திருப்பி எறிந்தேன். "போதும் தம்பி, ஒண்ணு வாங்கிட்டேன்ல" என்றார்.

அடுத்த சனிக்கிழமை கடும் குளிர். மைதானத்துக்கு வந்து பந்தை வெளியே எடுத்தபோது, தையல்களில் எண்ணெய் மறுபடி வெள்ளையாகப் பூத்திருந்தது. எத்தனை துடைத்தும் அது முழுதாகப் போகவில்லை. படம் எடுத்து மகனுக்கு அனுப்பினேன். என் செய்திகளுக்கு மறுநாள் இரண்டு சொல்லில் பதில் அனுப்புகிறவன், உடனே அழைத்துவிட்டான். மேட்ச் பந்துக்கு யாராவது தேங்காய் எண்ணெய் பூசுவார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டுக் கேட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். பந்தை நான் எடுத்து வந்ததைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெயைப் போக்கச் சோப்பா பிரஷ்ஷா என்று நீண்ட நேரம் கதைத்தோம். பிறகு, அங்கே யார் உங்களுக்குப் பந்தைத் திருப்பி அனுப்புகிறார்கள் அப்பா என்று கேட்டான்.

"ஒரு ஐயா வாறவர்" என்றேன். "ஒவ்வொரு சனியும் வாறவர்."

நல்லது அப்பா என்றான். அவன் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு ஒன்று உதைத்தேன். பந்து குப்பைத் தொட்டிப் பக்கம் சாய்ந்து, கம்பத்துக்கு வெளியே போய் ஈரப் புல்லில் நின்றது. புள்ளி சொல்லும் குரலுக்காகக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எடுத்துவரப் போனேன்.