ஹப் ஆறும் வரை

பந்தயத்தில் குதித்து இறங்கியபோது என் மகளின் டர்ட் பைக் பின்சக்கரத்தில் பேரிங் நொறுங்கி, நடுவிலிருக்கும் ஹப்பும் பிளந்துவிட்டது. சரவணம்பட்டி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் பற்றவைப்பதற்கு முன் ஹப்பை நெருப்பில் காட்டினார். பழைய கிரீஸ் உருகிப் புகைந்தது. அந்த வாசனையில் எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா படுத்த படுக்கையான பிறகு, அம்மாதான் மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து மொபெட்டில் காய் ஏற்றிவந்து ஊர் ஊராக விற்றாள். அவள் சேலையில் எப்போதும் கொத்தமல்லியும் கிரீஸும் கலந்து மணக்கும். ஒருநாள் பாரம் தாங்காமல் பின்சக்கர ஹப் விரிசல் விட்டது. மூட்டைகளோடு வண்டியை வெயிலில் தள்ளிக்கொண்டு அவளும் சிறுமியான நானும் லேத் பட்டறைக்குப் போனோம்.

"ஏனுங்க, காய் வாடிப்போயிருமுங்க, சுருக்கா பத்தவெச்சுக் குடுங்க" என்றவள், பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். பகலில் அம்மா தூங்கி நான் பார்த்ததே இல்லை.

வேலை முடிந்ததும் அவளை எழுப்பப் போனேன். பட்டறைக்காரர் தடுத்தார். "உடு அம்மணி, தூங்கட்டும். ஹப்பு இன்னும் ஆறலேன்னு சொல்லிக்கலாம்." மூட்டைகளை அவரே நிழலுக்கு நகர்த்தி, ஈரச் சாக்கைப் போர்த்தினார்.

"ரெடியாயிருச்சும்மா, போலாமா?" என்றாள் மகள். ஆபீஸ் வேலையும் ராத்திரிச் சமையலும் எனக்காகக் காத்திருந்தன.

"கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம் கண்ணு" என்றேன்.