குறுக்கே வரக்கூடாத வேலைகள்

சுரங்கத்தில் நிலக்கரி சுமந்து ஓடும் பெல்ட்டைக் கண்காணிக்க ஒரு சின்னப் பெட்டி செய்துகொண்டிருந்தோம். வடலூரில் ஒரு மாடி அறைதான் கம்பெனி. முதலாளி, வயரிங் பார்ப்பவர், புரோகிராம் எழுத நான். என் கணவர் நெய்வேலியில் அதே பெல்ட் பிரிவில் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தார்.

ஈரம் பட்டால் பெல்ட் வழுக்கும். மோட்டார் உருளை மட்டும் சுற்றிச் சுற்றிச் சூடேறும். நிலக்கரித் தூள் புகைய அது போதும். வழுக்கினால் உடனே மோட்டாரை நிறுத்த வேண்டும். எங்கள் பெட்டியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்து, தானாக மறுபடி எழுந்தது. சுரங்கத்தில் மாட்டினால் அந்த இடைப்பட்ட நேரத்தில் பெல்ட்டுக்குக் காவல் இருக்காது.

காரணம் தெரிந்துவிட்டது. வழுக்கல் பார்ப்பது, சூடு பார்ப்பது, கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் அனுப்புவது, திரையில் எண் காட்டுவது எல்லாம் ஒன்றையொன்று பாதியில் நிறுத்திக்கொண்டு நுழைந்தன. பாதியில் நின்ற ஒவ்வொன்றுக்கும் மெமரியில் இடம் வேண்டும். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியபோது இடம் போதவில்லை.

"சூடு பார்க்கறத எடுத்துடும்மா, இடம் கிடைச்சிடும்" என்றார் முதலாளி. "போர்டெல்லாம் அடிச்சாச்சு. பெரிய சிப் இனிமே போட முடியாது."

"அத எடுத்தா அந்தப் பெட்டி எதுக்கு சார்?" என்று கேட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

"இன்னா, எங்கயோ நெனச்சிக்கினு நிக்கற?" என்றார் கணவர். சொன்னேன்.

"எத எடுத்தாலும் வழுக்கறத மட்டும் வுட்டுடாத. அந்த உருளைக்குப் பக்கத்துலதான் நான் நிக்கறன்."



மறுநாள் எழுதியதையெல்லாம் கலைத்தேன். வழுக்கல் பார்க்கும் வேலை மட்டும் எதன் குறுக்கேயும் வரலாம். மற்றவை தங்களுக்குள் குறுக்கிடக் கூடாது. ஒன்று முடிந்த பிறகே அடுத்தது. இப்போது எந்த நேரத்திலும் பாதியில் நிற்பது ஒரே ஒரு வேலைதான். மெமரியில் பாதி காலியாகிவிட்டது. பெட்டி அணையவே இல்லை.

வயரிங் பார்ப்பவர் சூடு உணரும் முனையில் காய்ந்த சால்டரிங் அயர்னை வைத்தார். சூடேறினால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எரியத் தாமதமானது. "ரொம்ப லேட்டுங்க அக்கா."

தகவல் அனுப்பும் வேலை நீளமானது. அது முடியும்வரை சூடு பார்ப்பது காத்துக் கிடந்தது. தகவல் அனுப்புவதைச் சிறு துண்டுகளாக வெட்டி, துண்டுக்குத் துண்டு மற்ற வேலைகளுக்கு வழி விட்டேன். இந்த முறை அயர்னை வைத்த மாத்திரத்தில் விளக்கு எரிந்தது. முதலாளி எல்லோருக்கும் டீ வாங்கி வரச் சொன்னார்.

பெட்டியைச் சுரங்கத்தில் மாட்டினோம். சோதனையில் தேறியது. ஆனாலும் கணவர் டூட்டியில் இருக்கும்போதெல்லாம் போனைப் பார்த்தபடியே இருந்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு பகலில் அவரே கூப்பிட்டார். "பெல்ட்டு வழுக்கிச்சு. உன் பொட்டி நிறுத்திடுச்சு. புகையெல்லாம் ஒண்ணும் வரல."

"வழுக்குனதும் நின்னுதா, கொஞ்சம் கழிச்சா?"

"அத இன்னா நான் எண்ணிக்கினா இருந்தன்? நின்னுது. நான் நல்லா கீறன். போன வை."

வைத்தேன். புரோகிராமைத் திறந்து, எந்த வேலை எதற்காக எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று முதலிலிருந்து கணக்குப் போடத் தொடங்கினேன். ஒரு முறை சரியாக வந்தது. மறுபடியும் போட்டேன்.