பதுக்கி வைத்துச் சுட்ட பன்றிக்கறி

என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் நான்காம் வகுப்பு வரைதான் படித்தேன். மழை பெய்தால் பள்ளிக்கூடக் கூரை ஒழுகும், பருத்தி எடுக்கிற காலத்தில் வாத்தியாரே காட்டுக்குப் போய்விடுவார். ஆகையால் அந்த நான்கையும் முழு நான்கு என்று சொல்ல முடியாது. பெரிய ற எங்கே, சின்ன ர எங்கே என்பது இன்றுவரை எனக்குத் தடுமாற்றம். கொம்பும் சுழியும் இடம் மாறி விழும். பிழை கண்ட இடத்தில் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். ஒரு கொம்பை நான் சுழியாகக் கேட்டதால் என் பிழைப்பு மாறின கதை இது.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் தபால் பை சுமந்துகொண்டிருந்தேன். சர்க்கார் தபால் அல்ல, எஸ்டேட் தபால். சின்னமனூரில் பையை வாங்கி மலை ஏறி, மேலே ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் இறங்க வேண்டும். மழைக்காலத்தில் முழங்காலுக்குக் கீழே நான் எவ்வளவு, அட்டை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதை விட, வாரத்தில் பாதி நாள் என் சம்சாரம் வீட்டில் தனியாகக் கிடந்தாள். கீழே ஒரு வேலை பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சொல்லி, பிறகு சொல்வதையே விட்டுவிட்டாள். அவள் சொன்னதை விடச் சொல்லாமல் விட்டதுதான் எனக்கு வலித்தது.

எஸ்டேட் துரைக்குச் சின்னமனூர் ஓரத்தில் ஒரு பங்களா உண்டு. மழை வந்தால் மலையை விட்டு அங்கே இறங்கிவிடுவார். அவருடைய சமையல்காரர் மலையாள தேசத்துக்காரர். மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார், இனித் திரும்ப மாட்டேன் என்று கணக்கை முடித்துக்கொண்டார். அந்த வாரம் துரை வேலைக்காரர்களை எல்லாம் வராந்தாவில் நிற்க வைத்து, யாருக்குச் சமையல் வரும் என்று கேட்டார். தோட்டக்காரர் வராது என்றார். காவல்காரர் வராது என்றார். என் முறை வந்தபோது எனக்குக் குரல் எழும்பவில்லை. பெரிய மனிதர்கள் நேராகப் பார்த்தால் எனக்கு எப்போதுமே அப்படித்தான். நான் சும்மா நின்றதைத் துரை சரி என்று எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் இரண்டு விருந்தாளிகள் வருவார்கள், அவர்களுக்கு நான் பேக்கன் செய்ய வேண்டும், நன்றாக வந்தால் சமையற்கட்டு எனக்கு, வராவிட்டால் அன்றே பையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறலாம் என்றார். அதுவும் சட்டியில் பொரிக்கக் கூடாது, பொரித்தால் சுருண்டுகொள்ளும். அடுப்புப் பெட்டிக்குள் வைத்துச் சுட வேண்டும். கிரிஸ்ப் ஆக இருக்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னார். நான் விழித்தேன். துரை படியிறங்கிப் போய் பாதாம் மரத்தடியில் ஒரு சருகைப் பொறுக்கி வந்து, என் காதோரம் வைத்து நொறுக்கினார். "கிரிஸ்ப்," என்றார். சருகுத் தூள் சட்டைக்குள் விழுந்து முதுகெல்லாம் அரித்தது. புரிந்தது என்று தலையாட்டினேன்.

பேக்கன் என்பது வேறொன்றும் இல்லை, பன்றியின் வயிற்றுக்கறியை உப்பிலே ஊறப் போட்டு, புகை காட்டி வைத்திருப்பது. கொச்சியிலிருந்து துணி சுற்றி வரும். சமையல்காரர் அதில் ஆறு துண்டு, நாடா மாதிரி நீளமாக அரிந்து, வாழை இலையில் கட்டிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செய்து பார்த்துக்கொள் என்றார். எப்படிச் செய்வது என்று கேட்டேன். அவர் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து அதை மூடப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"பதுக்கெ வெச்சா மதி. திருதி அருது."

கூடலூர், குமுளிப் பக்கம் போய் வருகிறவன் ஆகையால் எனக்குக் கொஞ்சம் மலையாளம் தெரியும் என்று ஒரு நினைப்பு. மதி என்றால் போதும். அருது என்றால் கூடாது. மிச்சம் இரண்டு வார்த்தைதான், அவை தமிழ்தானே என்று விட்டுவிட்டேன். பதுக்கி வைத்தால் போதும், திருட்டுக் கூடாது. வீடு வரும் வரை யோசித்துக்கொண்டே வந்தேன். துரைமார் தின்கிற சாமான், நாய் பூனை தூக்கிவிடும், ஆள்கூடத் தூக்கிவிடும், அதனால்தான் பதுக்கி வைக்கச் சொல்கிறார் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன். எனக்கும் அது தோதாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் ஆடு, கோழி வேகும். பன்றி மட்டும் தெருவுக்குள்ளேயே வரக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை சம்சாரம் சந்தைக்குப் போனாள். நான் மாட்டுக்கொட்டத்துக்குப் பின்னால் வேலையை ஆரம்பித்தேன். மூடி உள்ள மண்ணெண்ணெய் டின் ஒன்றைச் சாம்பல் போட்டு இரண்டு நாளாகத் தேய்த்து வைத்திருந்தேன். அதுதான் என் அடுப்புப் பெட்டி. கொழுப்பு உருகிச் சொட்டினால் பிடித்துக்கொள்ள அடியில் ஒரு மண் தட்டு. அதற்கு மேல் துண்டுகளைப் பரப்ப ஓட்டையுள்ள ஏதாவது வேண்டும். தேடியதில் சம்சாரம் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த ரவைச் சல்லடைதான் டின்னுக்குள் அளவெடுத்தது போல் இறங்கியது. துண்டுகளைப் பாதியாக அரிந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் வைத்தேன். பதுக்க வேண்டும் அல்லவா, அதனால் தீ மூட்டுவதற்கு முன்பே ஒரு குழி தோண்டி டின்னை அதற்குள் இறக்கினேன். பெரிய தீ போட்டால் புகை காட்டிக் கொடுத்துவிடும் என்று, சிரட்டைக் கங்கு கீழே ஒரு பிடி, மூடி மேலே ஒரு பிடி, அவ்வளவுதான் வைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே மாட்டுக்குத் தவிடு வைக்கிற பழைய கூடையைக் குடை மாதிரி முட்டுக் கொடுத்துக் கவிழ்த்துவிட்டு, வாசலில் வந்து ஒன்றும் தெரியாதவன் போல உட்கார்ந்தேன்.

சம்சாரம் சீக்கிரம் வந்துவிட்டாள்.

அவளை வாசலிலேயே நிறுத்த வேண்டும். அதற்கு ஒரே வழி பேசுவது. பேச்சு எனக்கு வராத தொழில். ஆனாலும் பேசினேன். வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்று கேட்டேன். கத்தரிக்காய் நல்ல காயா என்று கேட்டேன். அவளுடைய தம்பிக்கு ஜெயமங்கலத்தில் பெண் பார்க்கலாமே என்றேன். எதிர்வீட்டு எருமை சினையா இல்லையா என்பதைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். அவள் சந்தைக் கூடையை இறக்காமல் என்னையே பார்த்தாள். பிறகு கிட்டே வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"காச்சல் இல்லையே," என்றாள்.

அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "ஏ ஆத்தா, உங்க வீட்டுல ஆடு அடிச்சீகளா? வாசம் ஆளத் தூக்குது."

சம்சாரம் மூக்கை உயர்த்தினாள். கூடையை என் மடியில் வைத்துவிட்டுக் கொல்லைக்கு நடந்தாள். நான் கத்தரிக்காயோடு பின்னால் ஓடினேன். அதற்குள் தவிட்டுக் கூடையைத் தள்ளி, குச்சியால் மூடியை நெம்பிவிட்டாள்.

"இது என்ன?"

"உப்புக்கண்டம்."

"எதோட உப்புக்கண்டம்?"

கத்தரிக்காய்க் கூடையைக் கீழே இறக்கி வைத்தேன்.

"ஆடா?" தலையை ஆட்டினேன், இல்லை என்று. "மாடா?" அதற்கும் ஆட்டினேன். "கோழிக்கு இம்புட்டுக் கொழுப்பு ஏது," என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டாள். கொஞ்ச நேரம் டின்னைப் பார்த்தாள். "அப்ப மிச்சம் ஒன்னுதான இருக்கு."

இரண்டு எட்டு பின்னால் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். அப்புறம்தான் அவள் கண்ணில் சல்லடை பட்டது. அவள் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"துரைமார் இதத்தான் திங்காகளா?"

"ஆமா."

"காலையிலயேவா?"

"காலையிலயேதான்."

"இது சரியா வரலைன்னா?"

"திங்கக்கெழம மலை ஏறணும்."

சேலை முந்தியை மூக்கில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். துரை எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னார் என்று கேட்டாள். நான் சருகு கதையைச் சொன்னேன். முதுகில் விழுந்த தூள் வரை சொன்னேன். அதில் மட்டும் லேசாகச் சிரித்தாள்.

"அப்ப ஒடிச்சுப் பாருங்க. நான் இங்கன இருந்தே கேக்குறேன்."

ஒரு துண்டை எடுத்து ஒடித்தேன். ஒடியவில்லை, செருப்பு வார் மாதிரி வளைந்தது. "ஈர வத்தல்," என்றாள். "மூடுங்க." வத்தல், வடகம் பொரிப்பதில் எங்கள் தெருவில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. நான் கங்கை ஊதப் போனேன். "ஊதாதீக. அவசரப்பட்டாத்தான் கருகும்." திரும்பவும் காத்திருந்தோம். இரண்டாவது துண்டு லேசாக முனகியது. அதற்கும் தலையை ஆட்டிவிட்டாள். பொழுது சாய்கிற நேரத்துக்கு மூன்றாவது துண்டை எடுத்தேன். துவைக்கிற கல் பத்தடி தூரம் இருக்கும். அங்கே கேட்கிற மாதிரி படக்கென்று ஒடிந்தது.

"இந்தா, இதுதான்," என்று எழுந்தாள். "சல்லடைய வீட்டுக்குள்ள கொண்டாரப்படாது. இனி அது உங்க சல்லடை. நீங்களும் கெணத்துல முங்கிட்டுத்தான் வாசப்படி ஏறணும்."

திங்கட்கிழமை விடியும்போதே பங்களாவுக்குப் போனேன். இரும்பு அடுப்புப் பெட்டியிலும் அதே மாதிரி, தீ மூட்டுவதற்கு முன்பே உள்ளே வைத்து, கங்கைக் குறைத்து, அதன் மேல் போட ஒன்றும் அகப்படாததால் தோட்டக்காரருடைய கோணிச் சாக்கை நனைத்துப் போர்த்தினேன். சாக்கிலிருந்து ஆவி கிளம்பியதைப் பார்த்துக் காவல்காரர் வாளித் தண்ணீரோடு வந்தார். அவரைத் திருப்பி அனுப்புவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. மேசையில் கொண்டுபோய் வைத்தேன். துண்டுகள் சுருளாமல், பலகை மாதிரி நேராகக் கிடந்தன. துரை ஒன்றை எடுத்து விருந்தாளிகள் முன்னால் ஒடித்தார். நாற்காலியை விட்டு எழுந்து வந்து இன்னொன்றை என் காதோரத்தில் வைத்து ஒடித்தார். படக்.

எப்படிச் செய்தாய் என்று கேட்டார். சமையல்காரர் பெட்டியும் படுக்கையுமாகக் கதவோரம் நின்றிருந்தார், துரையின் அரைகுறைத் தமிழுக்கு இது எட்டாது என்பதால் அவர்தான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். நான் அவரைப் பார்த்துச் சொன்னேன்: "நீங்க சொன்னபடிதான். பதுக்கி வச்சேன். திருட்டும் போகல."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. கூடை, குழி, கோணி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்க ஆரம்பித்தார். பேச்சு வர வெகுநேரம் ஆயிற்று. "எடோ தபாலே, பதுக்கெ என்னு வெச்சால் மெள்ள! திருதி என்னு வெச்சால் அவசரம்!" அதாவது, மெள்ள வைத்தால் போதும், அவசரம் கூடாது என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். பதுக்கினதால் மெள்ள வைத்துவிட்டேன், மெள்ள வைத்ததால் சரியாக வந்துவிட்டது. அவர் இதைத் துரைக்குச் சொன்னார். துரை வாயில் துண்டை வைத்துக்கொண்டு சிரித்ததில் புரையேறி, விருந்தாளி முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. எனக்கு மேசைக்கடியில் போய் நான் பதுங்கிக்கொள்ளலாமா என்று இருந்தது. இருமல் நின்றதும் துரை தபால் பையைக் காட்டி, அதைத் தோட்டக்காரரிடம் கொடு என்றார். தோட்டக்காரர் அதற்கப்புறம் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு நடந்தேன். சம்சாரம் வாசலில் நின்றிருந்தாள். என் தோளைத்தான் பார்த்தாள். பை இல்லை. உள்ளே போய்த் துவட்டுகிற துண்டை எடுத்துவந்து, என் மேல் படாமல் தூக்கிப் போட்டாள்.

"கெணத்துக்குப் போயிட்டு வாங்க," என்றாள். "சோறு ஆறுது."

அன்றிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் கிணற்றில் முங்கிவிட்டுத்தான் வாசற்படி ஏறுகிறேன். இன்றைக்கும் முங்கிவிட்டு வந்துதான் இதை எழுதினேன்.

பார்த்திப வருஷம், மாசி மாதம் 12ந் தேதி.