தண்ணீரில் இறங்கிய துணிக்கத்திரி

போன் கத்தியபோது நான் ஒரு பட்டு ரவிக்கைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் கத்திரியை நிறுத்தினால் துணி கோணிக்கொள்ளும். வெட்டி முடித்துவிட்டுத்தான் எடுத்துப் பார்த்தேன். நம் மீன்தொட்டிக் குழுவில் செய்தி வந்திருந்தது: இசக்கிமுத்து அண்ணாச்சி காலமானார். அதன் கீழே வரிசையாக நீங்கள் எல்லோரும் எழுதியிருந்தீர்கள். தங்கமான மனுசன், கேட்டதைக் கொடுப்பார், கோபமே வராது. அடேயப்பா! யாருக்கு, எதைக் கொடுத்தார் என்று கேட்கத் தோன்றியது.

வண்ணார்பேட்டையில் என் தையல் கடைக்கு இரண்டு கடை தள்ளித்தான் அவருடைய பட்டறை. எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது அவர் தொழில், மீன்தொட்டிக்குள் செடி வளர்ப்பது அவர் பைத்தியம். கடந்த மூன்று வருடமாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. இன்று கேட்பார், நாளை கேட்பார் என்று இருந்தேன். இனி கேட்க மாட்டார். அந்த ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பேச்சே வம்பில்தான் தொடங்கியது. கடை மேசையில் புதிதாகத் தொட்டி வைத்திருந்தேன். செடி உயரமாகிவிட்டதே என்று நூல் வெட்டும் சின்னக் கத்திரியால் நறுக்கிக்கொண்டிருந்தேன். இவர் கூப்பிடாமலே வந்து நின்றார். “ஏம்மா செல்வி, அது நூல் வெட்டுத சாமான். நீ செடியை வெட்டலை, கடிச்சுத் துப்பியிருக்க.” துணி கொடுக்க வந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். நசுங்கிய தண்டுகள் நாலைந்து நாளில் பழுப்பாகி அழுகின. அவர் சொன்னது சரியாகிப் போனதில் எனக்கு இன்னும் எரிச்சல்.

கருவி விஷயத்தில் அவர் தப்பாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அதை மறுத்தால் நான் பொய்க்காரி. நெட்டையாக வளரும் செடிக்கு நீளமான நேர்க் கத்திரி, கணுவுக்குச் சற்று மேலே ஒரே வெட்டு. தரையில் புல்லாகப் படரும் செடிக்கு வளைந்த கத்திரி. நேர்க் கத்திரியை அங்கே கொண்டுபோனால் கை மணலில் இடிக்கும், நுனி வேரைக் கிளறும். வெட்டிய தண்டை மறுபடி நட ஒன்றரைச் சாண் இடுக்கி. “கத்திரிதான் தண்ணிக்குள்ள போணும், முழங்கை போப்பிடாது. மீனு மெரளும்லா” என்பார்.

சரி, நான் வாங்கும்வரை உங்கள் வளைந்த கத்திரியைக் கொடுங்கள் என்று ஒருமுறை கேட்டேன். பட்டறையில் ஐந்து பேர் இருந்தார்கள். “கத்திரியும் பல்லு வெளக்குத பிரஷ்ஷும் ஒண்ணு. இன்னொருத்தருக்குக் குடுக்கப்பிடாது” என்றார். ஒரு தொட்டிப் பாசி இன்னொன்றுக்குத் தொற்றும், நியாயம்தான். அதை ஐந்து பேர் முன்னால், பல் தேய்க்காதவளைப் பார்ப்பதுபோல் பார்த்துத்தான் சொல்ல வேண்டுமா?

ஒரு வெள்ளிக்கிழமை பட்டன் வாங்க அடுத்த தெருவரை போனேன். திரும்பி வந்தால், அண்ணாச்சியின் கை என் தொட்டிக்குள் முழங்கை வரை கிடக்கிறது. கையில் என் துணிக்கத்திரி.

“அண்ணாச்சி, என்ன காரியம் செய்யுதிய!”

“ஞாயித்துக்கிழம நம்ம குழுக்காரங்க ஒன் தொட்டியப் பாக்க வாராங்கல்லா? தரைச் செடி பாய் மாதிரி தூக்கிக்கிட்டு நிக்கி. என் கத்திரில நூல்பாசி இருக்கு, இங்கன ஆவாது. அதான் இதை எடுத்தேன்.”

“அது துணிக்கத்திரில்லா!”

“தண்ணிதானம்மா பட்டுச்சு. தொடைச்சாப் போச்சு.”

தையல்காரர் வீட்டில் கேட்டுப் பாருங்கள். துணிக்கத்திரியால் காகிதம்கூட வெட்ட மாட்டோம். வீட்டு மனிதர்களே அதைத் தொட மாட்டார்கள். கடை போட்ட நாளில் வாங்கிய கத்திரி அது. என் கைக்கு அது பழகியிருந்தது. மறுநாளே திருகாணியில் துரு தட்டி இறுகிவிட்டது. நானும் யோசிக்காமல் ஒரு கல்யாணப் பட்டில் வைத்தேன், ஓரத்தைச் சவைத்துவிட்டது. நேரே பட்டறைக்குப் போய் அதை அவர் காலடியில் வீசினேன். “இனிமே என் கடைப்படி ஏறாதிய” என்றேன். குனிந்து எடுத்துக்கொண்டார், வாய் திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் எதை எதற்கு எடுக்க வேண்டும் என்று பாடம் நடத்திய வாய்!

துட்டி கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். போகாவிட்டால் ஊர் பேசும். அவர் மனைவி காந்திமதி அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்து, சாவியை எடுத்துக்கொண்டு, நேரே பட்டறைக்குக் கூட்டிவந்தார். சுவரில் ஆணி ஆணியாகக் கருவிகள். ஒவ்வொன்றின் மேலும் சீட்டு: தண்டு, தரை, நடுவதற்கு. கடைசி ஆணியில் என் கத்திரி. சாணை பிடித்து, திருகாணி மாற்றி, எண்ணெய் போட்டிருந்தது. மேலே அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘செல்வி. துணிக்கு மட்டும்.’

“ரெண்டு தடவ ஒங்கிட்டக் கொண்டாந்தாவ. நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டியாமே? ‘அவளே என்னன்னு கேக்கட்டும், அப்பம் குடுக்கேன்’னு இங்கன மாட்டிட்டாவ.”

எனக்கு ஞாபகம் வந்தது. பேப்பரில் சுற்றிய ஏதோ பொட்டலத்தோடு இரண்டு முறை என் கடைப்படிக்குக் கீழே நின்றார். நான்தான் ஏறாதே என்றிருந்தேனே, ஏறவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு மிஷினை வேகமாக மிதித்தேன்.

அக்கா அந்த வளைந்த கத்திரியையும் எடுத்து நீட்டினார். “அது யாருக்கும் குடுக்கப்பிடாதுன்னு அண்ணாச்சியே சொல்லியிருக்காவ, அங்கனயே இருக்கட்டும்” என்றேன். வீம்புக்குத்தான் சொன்னேன், சொல்லிவிட்டு என் கத்திரியையும் சீட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

நண்பர்களே, உங்களுக்கு அவருடைய ஆயிரம் நல்ல குணங்கள் இருக்கட்டும். எனக்கு இந்தக் கத்திரியும் சீட்டும். கிழிக்காமல் மேசைக் கண்ணாடிக்கு அடியில் சீட்டை வைத்திருக்கிறேன். நாலு வார்த்தை பேச வாயில்லாமல் மூன்று வருடம் கத்திரியை ஆணியில் மாட்டிவைத்த மனிதரை நான் மன்னிக்கவில்லை. கீழே நின்றவரை ஏறி வாங்க என்று சொல்லாதவளையும்தான்.

கடைக்கு வந்ததும் மிச்சத் துணி ஒன்றை எடுத்து வெட்டிப் பார்த்தேன். முன்னைவிட நன்றாக வெட்டுகிறது.